செல்லூருக்கு வந்த ஏலியன்

மதுரையில் ஏலியன் செய்யக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார் ஒரே ஒருத்திதான். பெயர் பாண்டிச்செல்வி. வைகைக்கு வடகரையில், செல்லூரில் அவளுடைய பட்டறை.

கோபுரத்துச் சுதைச் சிற்பம் செய்யும் ஸ்தபதி ஒருவரிடம் பல வருஷம் இருந்து தொழில் படித்தவள் அவள். யாரோ பிறந்தநாள் விழாவுக்கு ஒரு ஏலியன் வேண்டுமென்று கேட்க, விளையாட்டாகச் செய்து கொடுத்தாள். ஊர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. நகைக்கடைத் திறப்பு விழாவா, ஏலியன் வேண்டும். பள்ளிக்கூட ஆண்டு விழாவா, நாலு கை வைத்து ஒன்று வேண்டும். மொட்டைமாடியில் டெலஸ்கோப் வைத்து வானம் பார்க்கிற கூட்டம் ஒன்று, தங்கள் சங்கத்து வாசலுக்கு ஆளுயர ஏலியன் வாங்கி, பொங்கலன்று அதற்கு வேட்டியும் கட்டிவிட்டது.

அவளிடம் சிஷ்யராக வந்து சேர்ந்தவர் காத்தமுத்து. வாத்தியாரைவிட இருபது வயது மூத்தவர். அவர் அவளை 'வாத்தியாரே' என்பார். அவள் அவரை 'அண்ணே' என்பாள். இதில் இரண்டு பேருக்கும் ஒரு சங்கடமும் இல்லை.

கட்டி முடியாத வீடுகளில் கண்ணை உருட்டி, நாக்கைத் துருத்திக்கொண்டு ஒரு திருஷ்டி பொம்மை தொங்குமே, அதற்கு முகம் எழுதுவதுதான் காத்தமுத்துவின் பழைய தொழில். பூசணிக்காயிலும் எழுதுவார். அதனால் தெருவில் அவருக்குப் பெயர் பூசணி. சலூன்கடை ராஜாங்கம் வைத்த பெயர் அது. வைத்ததோடு விடாமல், தினமும் ஒருமுறை கூப்பிட்டு அதைப் பத்திரமாக வளர்த்தும் வந்தார்.

அந்த வருஷம் சித்திரைப் பொருட்காட்சிக்கு வாசலில் நிறுத்த ஓர் ஏலியன் கேட்டு வந்தார்கள்.

“காத்தமுத்து அண்ணன் செய்வாரு” என்றாள் பாண்டிச்செல்வி.

காத்தமுத்து செய்தார். ஏழடி உயரம். ஃபைபரில் வார்த்த உடம்பு, உள்ளே வெறும் கூடு. நீல நிறத்தில் தோல், யானைக்கு இருப்பதுபோலச் சுருக்கம், முழங்கால் வரை கை. பார்த்தவர்கள் எல்லாம் அசந்து போனார்கள். பொருட்காட்சிக்காரர்கள் பெயர்ப்பலகையை முன்கூட்டியே எழுதி அனுப்பிவிட்டார்கள். 'செய்தவர்: காத்தமுத்து, செல்லூர்' என்று இருந்தது. அவர் அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அதில் பூசணி இல்லை. அது போதும் என்றிருந்தது அவருக்கு.

கண் மட்டும்தான் பாக்கி.

கண்ணைத் தனியாக ஃபைபர் கிண்ணங்களில் எழுதி, முகத்தில் விட்டிருக்கும் இரண்டு துளைகளில் பொருத்த வேண்டும். காத்தமுத்து எழுதினார். பாண்டிச்செல்வி வந்து பார்த்தாள். தின்னர் பாட்டிலை எடுத்து, துணியை நனைத்து, இரண்டையும் அழித்துவிட்டாள்.

“ஏன் வாத்தியாரே?”

“இது கட்டிடத்துல தொங்குறது.”

மறுபடி எழுதினார். சிவப்பு நரம்புகளைக் குறைத்தார். மறுபடியும் தின்னர்.

“இப்ப?”

“இது பூசணிக்காயில இருக்கிறது.”

காத்தமுத்துவுக்குச் சுருக்கென்றது. தெருவில் கேட்பதை வாத்தியாரிடமுமா கேட்க வேண்டும்? ஆனால் அவள் கேலியாகச் சொல்லவில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. அவருடைய கைதான் அவரை ஏமாற்றியது. எந்தக் கண்ணை எழுதப் போனாலும் அது விரட்டுகிற கண்ணாகவே போய் முடிந்தது.

மூன்றாம் தடவை உஷாராகிவிட்டார். செல்போனில் தேடிப் பார்த்து, மாவடுபோலச் சாய்ந்த இரண்டு பெரிய கறுப்புக் கண்களை அப்படியே எழுதினார். பளபளவென்று வந்திருந்தது. இதை யாரால் குறை சொல்ல முடியும்?

பாண்டிச்செல்வி வந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இவரை எனக்குத் தெரியும்ணே. பனியன்ல இருக்காரு. ஆட்டோ பின்னாடி இருக்காரு. புரோட்டாக்கடை போர்டுலயும் இருக்காரு.”

“அதான வாத்தியாரே ஏலியன்!”

“எல்லா ஊருக்கும் போயிட்டு வந்தவரு இவரு. நீங்க செஞ்சவரு எங்க?”

தின்னர் வாசனை பட்டறை முழுக்கப் பரவியது. காத்தமுத்து பிரஷைக் கீழே போட்டார்.

“நாளைக்குச் சாயந்தரம் தொறப்பு விழா. கண்ணு இல்லைன்னா போன வருசத்துப் பிளாஸ்டிக் யானையைத்தான் நிப்பாட்டுவாங்க. என் பேரு எழுதுன பலகையை எங்க மாட்டுறது? யானை கழுத்துலயா?”

அவருக்கு ஆற்றாமை பொங்கியது.

“சாமி செலைன்னா அளவு இருக்கு, லட்சணம் இருக்கு. மாட்டுக்குக் கண்ணு வைன்னா மாட்டைப் பாத்து வைப்பேன். இதை ஒருத்தனும் பாத்ததில்ல. யாருமே பாக்காத ஒண்ணுக்கு எப்படி வாத்தியாரே கண்ணு வைக்கிறது?”

பாண்டிச்செல்வி கையைத் துடைத்துக்கொண்டாள்.

“நாம அதைப் பாக்கலை, சரி. அது என்னத்தப் பாக்குதுன்னு பாத்தீங்களா?”

“அது எப்படிப் பாக்குறது?”

“உள்ள ஏறுங்கண்ணே.”

தள்ளுவண்டியில் ஏலியனை ஏற்றிக் கட்டினார்கள். முதுகுப்பக்கத் தகட்டைக் கழற்றி, உள்ளே ஒரு ஸ்டூல் போட்டு, காத்தமுத்துவை ஏற்றி நிறுத்தினாள். கண்ணுக்காக விட்டிருந்த துளைகள் அவர் முகத்துக்கு நேராக வந்தன. தகட்டை மூடுவதற்கு முன் ஒன்று மட்டும் சொன்னாள்.

“வாயத் தொறக்கக் கூடாது. நீங்க இந்த ஊருக்கு இப்பத்தான் வர்றீங்க.”

பாண்டிச்செல்வி தள்ள, வண்டி தெருவுக்குள் இறங்கியது. காலை வெயிலே காந்தியது. உள்ளே ஃபைபர் நெடியும் வேர்வையுமாக மூச்சு முட்டியது. இதென்ன கிறுக்குத்தனம் என்று காத்தமுத்து மனசுக்குள் வாத்தியாரைத் திட்டிக்கொண்டே துளையில் கண்ணை வைத்தார்.

டீக்கடையில் கிளாஸைத் தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

“யாருப்பா இது?”

“வெளியூரு ஆளு போல.”

“ரொம்ப வெளியூருப்பா!”

சிரிப்பு கிளம்பியது. அத்தனை முகங்களும் அண்ணாந்து அவரையே பார்த்தன. இந்த முகங்களை அவர் தினமும் பார்க்கிறார். அவை அண்ணாந்து, வாய் பிளந்து, வெயில் பட்டு இப்படி மின்னி அவர் பார்த்ததில்லை.

பூக்கடைப் பெண் எழுந்து வந்தாள். கூடையிலிருந்து ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளி, எக்கி ஏலியனின் கழுத்தில் வீசினாள்.

“வந்ததுதான் வந்துருக்கு. வெறுங்கழுத்தோடவா போகும்?”

கொஞ்ச தூரத்தில் திருவிழாவுக்குப் போட்ட மோர்ப்பந்தல். வண்டியைக் கண்டதும் பந்தல்காரர் டம்ளரோடு ஓடிவந்தார்.

“ஏய்யா, சாப்டியா? வெயிலோட வந்துருக்க. மொதல்ல மோரைக் குடி.”

டம்ளரை உயர்த்தி முகத்தில் வாயைத் தேடினார். கிடைக்கவில்லை.

“செல்வி, இதுக்கு வாயி எங்கனம்மா வச்சிருக்கு?”

“அது குடிக்காதுண்ணே.”

“குடிக்காட்டி என்ன? வாசல்ல வந்தவனுக்குக் குடுக்காம இருக்க முடியுமா?” என்று சொல்லி டம்ளரை ஏலியனின் நீளமான கையில் செருகிவிட்டுப் போனார். மோர் பாதி தளும்பி வண்டியில் கொட்டியது.

வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு பெரியவர் வண்டியோடு கூடவே நடந்து வந்தார். ஏலியனை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்க தங்கியிருக்க? எடம் கிடைக்கலைன்னா நம்ம வீட்டு மாடி சும்மாத்தான் கெடக்கு. அட்வான்ஸ் எல்லாம் அப்புறம் பேசிக்கலாம்.”

உள்ளே காத்தமுத்து உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார். அடக்க அடக்கக் கண்ணில் நீர் முட்டியது. அது சிரிப்பால் வந்ததா என்று அவருக்கே நிச்சயமில்லை. இத்தனை வருஷமாக ஆட்களை விரட்டுவதற்கென்றே முகம் எழுதியவர் அவர். ஏழடி உயரத்தில், நீலத் தோலோடு, கண்ணே இல்லாமல் ஒன்று தெருவில் வருகிறது. ஒரே ஒரு ஆள்கூட ஓடவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்கிறார்கள்.

வண்டி சலூன்கடைக்கு முன்னால் வந்தது. இங்கே பூசணி என்றுதான் விழும் என்று காத்தமுத்து பல்லைக் கடித்துக்கொண்டார். ராஜாங்கம் சவரக்கத்தியோடு வெளியே வந்தார். பின்னாலேயே பாதி முகம் நுரையும் பாதி முகம் தோலுமாக ஒரு வாடிக்கையாளர் வந்தார்.

ராஜாங்கம் கத்தியை நீட்டி ஏலியனைக் காட்டினார்.

“பாத்தீங்களா? பொருட்காட்சி வாசல்ல நாளைக்கு நிக்கப் போறது இதான். நம்ம காத்தமுத்து செஞ்சது.”

“எந்தக் காத்தமுத்து? பூசணியா?”

ராஜாங்கம் திரும்பினார்.

“காத்தமுத்துன்னு சொன்னேன்ல?”

நுரை முகம் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

காத்தமுத்து துளையிலிருந்து முகத்தை விலக்கிக்கொண்டார். பெருமையாக இருந்தது. அந்தப் பெருமை தன்னை நினைத்தா, தெருவை நினைத்தா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. மறுபடியும் துளையில் கண்ணை வைத்துக்கொண்டார். பட்டறை வரும்வரை எடுக்கவேயில்லை.

தகட்டைத் திறந்ததும் அவர் வேர்வையில் குளித்து இறங்கினார். பாண்டிச்செல்வி தண்ணீர் கொடுத்தாள். அவர் என்ன பார்த்தார் என்று அவள் கேட்கவில்லை.

“வாத்தியாரே, பிரஷு எங்க?” என்றார் அவர்.

திருஷ்டி பொம்மையின் கண்ணில் கருவிழி எந்த இமையையும் தொடாது. நாலு பக்கமும் வெள்ளை தெரியும். அதனால்தான் அந்த உருட்டல். காத்தமுத்து மேல் இமையைக் கொஞ்சம் இறக்கி, கருவிழியைத் தொடவிட்டார். கீழ் இமையைக் கன்னம் லேசாகத் தூக்குவதுபோல் வளைத்தார். கீழே நிற்பவர்களைப் பார்ப்பதால் பார்வையைத் தாழ்த்தினார். கடைசியில் ஓரத்தில் துளி வார்னிஷ் வைத்தார். அழப்போகிறதா சிரிக்கப்போகிறதா என்று சொல்ல முடியாதபடி ஈரம் நின்றது.

பாண்டிச்செல்வி வந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு தின்னர் பாட்டிலைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு டீ சொல்லப் போனாள்.

மறுநாள் சாயந்தரம். பொருட்காட்சி மைதானத்து வாசலின் உட்புறம் ஏலியன் நின்றது. கண்கள் பொருத்தி, மேலே மஞ்சள் துணி கட்டியிருந்தது. காலடியில் காத்தமுத்துவின் பெயர்ப்பலகை. மூடிய இரும்புக் கேட்டுக்கு வெளியே ஜனம் நெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தது.

பாண்டிச்செல்வியின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்தபதியிடமிருந்து அவள் கொண்டுவந்தது. கண் திறந்த சிலையின் முதல் பார்வை தன் முகத்திலேயே விழும்படி, அதற்குக் கண்ணாடி காட்ட வேண்டும். ஏலியனாக இருந்தாலும், இதுவரை அவள் அதை விட்டதில்லை. காத்தமுத்துவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. ராஜாங்கத்திடம் கேட்டு, சலூனில் இருப்பதிலேயே பெரிய கண்ணாடியை வாங்கி, துடைத்து, ஆட்டோவில் மடியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார்.

அவள் ஏணியில் ஏறி மஞ்சள் துணியின் முடிச்சில் கை வைத்தாள். அவர் கண்ணாடியை உயர்த்தி ஏலியனின் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“அதை எறக்குங்கண்ணே.”

“ஏன் வாத்தியாரே? மொதல்ல கண்ணாடிதான காட்டணும்?”

“அது இங்கயே இருக்கிற சாமிக்கு. நானும் இத்தனை நாளு யோசிக்காமக் காட்டிட்டேன்.”

அவர் புரியாமல் பார்த்தார். கேட்டுக்கு வெளியே யாரோ விசிலடித்தார்கள். கம்பிகளுக்கிடையே நூறு முகங்கள் தெரிந்தன.

பாண்டிச்செல்வி முடிச்சை விடாமல் சொன்னாள்.

“இது அம்புட்டுத் தொலவு வந்துருக்கு. தன் மூஞ்சியப் பாக்கவா வந்துச்சு? கேட்டத் தொறக்கச் சொல்லுங்க.”