பன்னிரண்டு டிக்

ஞாயிறு காலை ஆறரைக்கே எங்கள் கார்கள் மைதானத்தில் ஜோடி ஜோடியாக நின்றுவிடும். பழைய கார்களை வாங்கி, இன்ஜினைத் தேற்றி, வேகம் பார்க்கிற ஆட்கள் நாங்கள். ஆளுக்கொரு பிழைப்பு உண்டு, பைத்தியம் மட்டும் ஒன்றுதான்.

எங்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது ரெஜினா. முப்பத்தொரு வயது. அவளிடம் புதிதாகச் சேர்ந்தவர் தணிகாசலம். கல்லூரியில் கணக்குப் பேராசிரியர், ஐம்பத்திரண்டு வயது. அவர் இவளை "மேடம்" என்பார். இவள் அவரை "அண்ணா" என்பாள்.

ரெஜினா ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வந்ததும் எல்லாரும் சக்கரம் மாற்றுவோம். மாற்றிய பிறகு தன் வண்டி நட்டைத் தானே முடுக்கக் கூடாது, ஜோடிக்காரன்தான் முடுக்க வேண்டும். போதுமான இறுக்கம் வந்ததும் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும்; அதுவரை முடுக்கி, நட்டின் மேல் வெள்ளைக் கோடு போட வேண்டும். சக்கரத்துக்கு நாலு நட்டு, வண்டிக்குப் பதினாறு.

தணிகாசலத்துக்கு ஜோடி சாதிக். பூ மார்க்கெட்டில் கடை, வாய் நீளம். இரண்டு பேருடையதும் ஒரே மாடல் கார். போன வாரம் டீக்கடையில் சாதிக் சொன்னான்: "சார் வண்டி நல்லாத்தான் ஓடுது. சார்தான் ஓடமாட்டேங்கறாரு."

எல்லாரும் சிரித்தோம். நானும்தான். பேராசிரியர் மட்டும் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த வாரம் அவர் டீ குடித்துவிட்டு வருவதற்குள் சாதிக் அவர் வண்டியை முடித்திருந்தான். அவர் சாதிக்கின் வண்டியிடம் போனார். சிவப்புச் சாயம் அடித்த புது நட்டுகள், சாதிக்கின் பெருமையே அதுதான். பார்க்கப் பார்க்க அவருக்கு எரிந்தது. மூன்று சக்கரங்களை முடுக்கினார். நாலாவதில் ஒரு நட்டு மட்டும் கறுத்துப் பழசாக இருந்தது. அது ஏன் என்றுகூட அவர் யோசிக்கவில்லை. 'இவனுக்கு இது போதும்' என்று அந்தச் சக்கரத்தின் நாலு நட்டுக்கும் கோடு மட்டும் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். இதெல்லாம் பின்னால் அவர் வாயாலேயே சொன்னது.

ரெஜினா சற்றுத் தள்ளி, முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

"முடுக்கியாச்சுங்களாண்ணா?"

"ஆச்சுங்க மேடம்." அவருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "மேடம், இங்க எல்லாரும் எல்லாரையும் கூட்டாளிங்கறாங்க. டைம் போர்டுல யாரு முன்னாலன்னு பாத்தா ஒருத்தனுக்கொருத்தன் ஆகறதில்ல. யாரு நெஜமான கூட்டாளின்னு எப்படிங்க தெரியும்?"

சாதிக் ஹெல்மெட் போட்டு இன்ஜினைக் கிளப்பிவிட்டான்.

"அவன் பக்கத்து சீட்டுல உக்காருங்க. ரெண்டு ரவுண்டு போயிட்டு வாங்க, சொல்றேன்."

"நானுங்களா?"

"நீங்கதான்."

பேராசிரியர் முகத்தில் ரத்தமே இல்லை. "இல்லீங்க மேடம்... எனக்கு மயக்கமா..."

வண்டி நகர்ந்தது. ஐயோ, அந்த மனுஷன் ஓடியதை நான் அதுவரை பார்த்ததில்லை. முன்னால் போய் விழுந்து, இரண்டு கையாலும் பானெட்டை அடித்தார். "நிறுத்து! சாதிக், நிறுத்துப்பா!"

இன்ஜின் அணைந்தது. அவர் ரெஞ்சை எடுத்துக்கொண்டு நாலாவது சக்கரத்தின் முன் உட்கார்ந்தார். முதல் நட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. அதன் பிறகுதான் டிக். நூறில் போகும்போது அந்தச் சக்கரம் கழன்றிருந்தால்?

நாலாவது நட்டு, அந்தக் கறுப்பு நட்டு. அதில் அவர் கை நின்றது.

"மேடம், பாத்துட்டிருந்தீங்களா?"

"இல்லீங்ணா. டிக் பன்னெண்டுதான் கேட்டுச்சு." ஓட்டப் பாதைக்குப் போகிற கதவைக் காட்டினாள். அது பூட்டிக் கிடந்தது. சாவி அவள் கையில் இருந்தது.

திடீரென்று அவர் எழுந்து தன் வண்டியிடம் ஓடினார். தான் செய்ததைச் சாதிக்கும் செய்திருப்பானோ என்ற பயம். ஒவ்வொரு நட்டாக ரெஞ்சை வைத்தார். டிக், டிக், டிக். ஒன்றுகூட அசையவில்லை. முன் சக்கரத்தில் மூன்று நட்டு அவருடையது. நாலாவது சிவப்பு.

"இது..."

"உங்க நட்டு ஒண்ணு மரை தேஞ்சு போயிருந்துச்சுங்ணா. அவன்கிட்ட ஒரு பழைய நட்டு இருந்துச்சு. அதைத் தனக்குப் போட்டுட்டு, புதுசை உங்களுக்குப் போட்டான்" என்றாள் ரெஜினா.

பேராசிரியர் சாதிக்கிடம் போனார். "வேணும்னுதான் விட்டேன். கோடு மட்டும் போட்டேன்" என்றார். ஒரு வார்த்தை மழுப்பவில்லை. சாதிக் ஹெல்மெட்டைக் கழற்றினான். நாலாவது சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு ரெஜினாவிடம் போய்த் தணிந்த குரலில் ஏதோ சொல்லிவிட்டு அந்தப் பக்கம் நடந்தான்.

பேராசிரியர் ரெஞ்சை ரெஜினாவிடம் நீட்டினார். கண் கலங்கியிருந்தது. "நான் கெளம்பறேங்க மேடம். இனி இந்தப் பக்கம் வர்ற யோக்கியதை எனக்கில்ல."

"எப்படிக் கெளம்புவீங்க? உங்க வண்டியில ஆள் உக்காந்திருக்கே."

அவர் திரும்பினார். அவருடைய காரில், பக்கத்து சீட்டில், சாதிக் பெல்ட்டைப் போட்டு இழுத்துச் சரிபார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம், என் கை நடுங்குதுங்க."

ரெஜினா பாதைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"அவனுக்கும் தெரியுமுங்ணா. மொத ரவுண்டு மெதுவாப் போகச் சொன்னான்."