சமையற்கட்டுக் குழாயின் வாட்டம்

"அம்மா, இவகூட இருந்தா இந்த ஜென்மத்துல நான் கரையேற மாட்டேன்" என்றார் தாண்டவமூர்த்தி.

மலையடி மடத்துத் தலைவி நாச்சியம்மை அவரைவிட வயதில் இளையவர். கீரை ஆய்கிற கையை நிறுத்தவில்லை.

"யார்கூட?"

"என் வீட்டுக்காரி கூடத்தான். சேர்ந்துதான் இங்க வந்தோம். தியானத்துல நான் கண்ணை மூடினா மூணு மணி நேரம் அசைய மாட்டேன். இவ அரை மணியில தூங்கி விழுறா. இவளை மகன் வீட்டுக்கு அனுப்பிடறேன். எனக்கு மலை மேல இருக்கிற குகையைக் கொடுங்க."

தாண்டவமூர்த்தி லாரி ஷெட் வைத்திருந்தவர். மெதுவாகப் போகிற எதைக் கண்டாலும் அவருக்கு ஆகாது. கட்டிய மனைவியும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டாள், பாவம்.

பக்கத்தில் அரிசி களைந்துகொண்டிருந்த மனைவி செண்பகவல்லி, "நான் போயிக்கிறேன்மா. அவரைத் தடுக்காதீங்க" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள்.

"போகலாம் ஐயா" என்றார் நாச்சியம்மை. "சமையற்கட்டுக் கழிவுத் தண்ணி போற குழாய் விரிசல் விட்டிருக்கு. அதை மாத்திக் கொடுத்துட்டுப் போங்க."

இது ஒரு வேலையா என்று இறங்கினார் மனிதர். தண்ணீர் விறுவிறுவென்று போகட்டுமே என்று, குழியை ஆழமாக வெட்டிப் பைப்பை நன்றாகச் சரித்துப் போட்டார். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினார். அது பாய்ந்த பாய்ச்சலில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை.

ரெண்டே நாளில் அடைத்துக்கொண்டது.

"வாட்டம் பத்தலை" என்று இன்னும் சரித்தார்.

இந்த முறை ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. எச்சில் தண்ணீர் எதிர்த்து ஏறி வந்து செண்பகவல்லியின் காலை நனைத்தது. அவள் குனிந்து துடைத்துவிட்டாள்.

வெறுத்துப்போய்ப் பைப்பைக் கழற்றினார். உள்ளே வழி நெடுகச் சோற்றுப் பருக்கையும் காய்த்தோலும் ஒட்டிக் கிடந்தன.

"தண்ணி இவ்வளவு வேகமாப் போகுது. இது மட்டும் எப்படி நின்னுச்சு?"

நாச்சியம்மை குனிந்து பார்த்தார்.

"இதுக்குள்ள தண்ணியை எதுக்கு விடுறோம் ஐயா?"

"சோத்தையும் தோலையும் கொண்டுபோய்ச் சேர்க்கத்தான்."

"சேர்த்துச்சா?"

"எங்க சேர்த்துச்சு? அதையெல்லாம் பாதியில விட்டுட்டு, தான் மட்டும் ஓடிப்போச்சு."

நாச்சியம்மை நிமிர்ந்து உள்ளே போய்விட்டார்.

தாண்டவமூர்த்தி அன்று சாப்பிடவில்லை. ஆழக் குழியைப் பாதி தூர்த்தார். மட்டம் பார்க்கிற ரசமட்டத்தை வைத்து, கை நீளத்துக்கு ஒரு விரல் கனம்தான் இறக்கம் என்று அடிக்கு அடி பார்த்து, நிதானமாகப் பைப்பைப் போட்டார்.

செண்பகவல்லி மேலே நின்று பருக்கையோடு தண்ணீரை ஊற்றினாள். அவர் மறுமுனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை.

பிறகு தண்ணீர் வந்தது. பருக்கையும் கூடவே வந்தது, ஒன்று பாக்கியில்லாமல்.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கிவிட்டது.

"வேலை முடிஞ்சுதே" என்றார் நாச்சியம்மை. "குகைக்கு எப்போ கிளம்புறீங்க?"

தாண்டவமூர்த்தி மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அவளுக்கு மூட்டுவலிம்மா. அங்கங்க உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறணும். நாங்க போய்ச் சேர நேரமாகும்."