குழிக்கு இரண்டடி

"என் கை என்னைக் கேட்காம பந்தை எடுத்துடுச்சு மேடம்" என்றான் தணிகைவேல்.

யூனிஸ் மேடம் ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எந்தக் கை?"

"வலது கை."

"குழிக்கு எவ்வளவு தூரம் இருந்துச்சு?"

"ரெண்டடி. வெறும் ரெண்டடி. சின்னக் குழந்தைகூட உருட்டிவிட்டுடும். நான் குனிஞ்சு பந்தை எடுத்துட்டேன். எடுத்துட்டு நேரா நடந்து வெளியே போயிட்டேன்."

"அப்புறம்?"

"கொல்கத்தா போட்டியிலிருந்தே நீக்கிட்டாங்க."

கோல்ஃப் ஆடாதவர்களுக்கு இது ஒன்றும் பெரிய குற்றமாகத் தெரியாது. ஆனால் பெரிய போட்டிகளில் பந்து குழிக்குள் விழும்வரை அடித்தே தீர வேண்டும். விழாத பந்தைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுகிறவன், பரீட்சை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது விடைத்தாளோடு வீட்டுக்கு வந்துவிடுகிறவனுக்குச் சமம். புதிதாக ஆட வந்தவன்கூட அதைச் செய்ய மாட்டான்.

தணிகைவேல் புதியவன் இல்லை. மட்டைதான் அவனுக்குச் சோறு போட்டது. கொழும்பில் ஒரு கோப்பை, டாக்காவில் ஒரு கோப்பை. முன்னூறு கஜம் தாண்டிப் பந்தை விரட்டுவான். மரத்துக்கு நடுவே விழுந்த பந்தை இலை படாமல் வெளியே கொண்டுவருவான். எல்லாம் செய்துவிட்டுக் குழிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்போதுதான் வந்துவிடும் அது.

"பயமா?" என்று கேட்டார் மேடம்.

"சாதாரணப் பயம் இல்ல மேடம். மட்டையைப் பந்துக்குப் பின்னாடி வெச்சதும் வலது மணிக்கட்டு தனியாத் துள்ளுது. கரையில போட்ட மீன் மாதிரி. நான் பிடிக்கப் பிடிக்க இன்னும் துள்ளுது. வாய் காய்ஞ்சுபோகுது. குழி சின்னதாகிட்டே வருது. கடைசியில அங்க குழியே இல்லைன்னு தோணிடுது."

"வைத்தியம் பார்த்தீங்களா?"

பார்க்காத வைத்தியமா! மட்டையை மாற்றினான். பிடியை மாற்றினான். இடது கைக்காரனைப் போல நின்று பார்த்தான். மனநல மருத்துவர் ஒருவர் கண்ணை மூடி அலையை நினைக்கச் சொன்னார், அலையும் நடுங்கியது. திருப்பதிக்குப் போய் மொட்டை போட்டான். முடி வளர்ந்துவிட்டது, நடுக்கம் போகவில்லை.

"அடுத்த வாரம் பெங்களூருல கடைசிப் போட்டி" என்றான். "அதுல நல்ல இடத்துல முடிக்கலைன்னா அடுத்த வருஷம் என்னை எந்தப் போட்டியிலயும் சேர்க்க மாட்டாங்க. எனக்கு வேற ஒண்ணும் தெரியாது மேடம். பதினாலு வயசுல மட்டையைப் பிடிச்சேன். இந்த நடுக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுடுங்க. உங்களுக்குப் பயமே கிடையாதுன்னு எல்லாரும் சொல்றாங்க."

எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். யூனிஸ் மேடம் அவனைவிட இரண்டு மூன்று வயது இளையவர். வெளிநாடுகளில் ஆடி ஜெயித்தவர். ஆடியது போதும் என்று ஒருநாள் நீலகிரிக்கு வந்து, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த இந்த ஒன்பது குழி மைதானத்தில் தங்கிவிட்டார். அவரிடம் பாடம் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் பாடம் கிடைக்காமல்தான் திரும்பினார்கள். ஆனாலும் ஆட்கள் வராமல் இருந்ததில்லை.

குச்சியைத் தூக்கி எறிந்தார் மேடம்.

"நாளைக்குக் காலையில நாம ரெண்டு பேரும் ஆடுவோம். ஒன்பது குழி. தோத்தீங்கன்னா உங்க பையையும் மட்டைகளையும் இங்கேயே வெச்சுட்டு வீட்டுக்குப் போயிடுங்க. பெங்களூர் வேணாம். இனிமே ஆட்டமே வேணாம்."

தணிகைவேல் சிரிக்கப் பார்த்தான். அவர் சிரிக்கவில்லை.

"ஜெயிச்சா?"

"பெங்களூர் போங்க."

"சமமா முடிஞ்சா?"

"உங்க இஷ்டம்."

சரி என்றான். யாராவது வந்து தன் கையிலிருந்து மட்டையைப் பிடுங்கிவிட மாட்டார்களா என்று ஓர் ஆசை அவனுக்குள் வெகுநாளாக இருந்தது. அதைச் சொல்ல அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதுவும் பயம்தான்.

*

காலையில் பனிமூட்டம். அவரவர் பையை அவரவரே தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

முதல் குழியில் அவனுடைய பந்து இரண்டடியில் வந்து நின்றது. மட்டையைப் பின்னால் வைத்தான். மணிக்கட்டு துள்ளத் தொடங்கியது.

"எடுத்துக்குங்க" என்றார் மேடம்.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

இரண்டு பேர் மட்டும் மோதுகிற ஆட்டத்தில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. எதிராளியின் பந்து குழிக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், இது எப்படியும் விழுந்துவிடும், அடிக்க வேண்டாம், எடுத்துக்கொள் என்று சொல்லிவிடலாம். விழுந்ததாகவே கணக்கு. சொன்னவர் பிறகு மாற்றிப் பேச முடியாது. கேட்டவரும் மறுக்க முடியாது. பெரிய போட்டிகளில் இந்தத் தாராளம் கிடையாது.

அவனும் பதில் மரியாதை செய்தான். மேடத்தின் பந்து ஒன்றரை அடியில் கிடந்தது. "நீங்களும் எடுத்துக்குங்க மேடம்."

அவர் குனிந்து எடுத்துக்கொண்டார்.

இரண்டாவது குழியிலும் அப்படியே. மூன்றாவதிலும் அப்படியே. குழியே இல்லாத ஓர் ஆட்டத்தை ஆடுவது போல இருந்தது அவனுக்கு. தூரத்து அடிகள் பிரமாதமாகப் போயின. பனிக்குள் பந்து மறையும்போது பழைய தணிகைவேல் கண்ணுக்குத் தெரிந்தான்.

நான்காவது குழியில் அந்த 'எடுத்துக்குங்க'வை மேடம் சற்றுத் தாமதமாகச் சொன்னார்.

ஒரு மூச்சு நேரம்தான். அதற்குள் அவன் முதுகு வியர்த்துவிட்டது.

அதற்குப் பிறகு அவன் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அவர் வாயைத்தான் பார்த்தான். இப்போது சொல்வாரா? இந்த முறை சொல்லாமல் விட்டுவிடுவாரா? தூரத்து அடியை அடிக்கும்போதே அந்த நினைப்பு. ஒரு பந்து தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தது. முன்னணியில் இருந்தவன் பின்தங்கினான்.

ஆறாவது குழிக்குப் போகும் வழியில் காட்டெருமை நின்றது.

பனியில் முதலில் அது பாறை என்றுதான் நினைத்தார்கள். பாறை மூச்சு விட்டது. வெள்ளைக் காலுறை போட்டது போன்ற நான்கு கால்கள். அந்தப் பக்கத்தில் ஆட்களைத் தூக்கி எறிந்த மாடுகள் உண்டு.

மேடம் அசையாமல் நின்றார். தணிகைவேலும் நின்றான். அது அவர்களைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குள் இறங்கிப் போனது.

"பயமா இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார் மேடம்.

"இருந்துச்சு. ஆனா அவ்வளவா இல்ல."

"ஏன்?"

அவன் யோசித்துச் சொன்னான். "இது முட்டினா செத்துடுவேன். அதோட முடிஞ்சுது. அந்த ரெண்டடி தப்பினா, அதுக்கப்புறமும் உயிரோட இருக்கணுமே மேடம்."

மேடம் அவனை முதல்முறையாக நன்றாகத் திரும்பிப் பார்த்தார். பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடந்தார்.

*

ஒன்பதாவது குழிக்கு வந்தபோது அவன் விட்டதைப் பிடித்து ஆட்டத்தைச் சமமாக்கியிருந்தான்.

அவனுடைய பந்து இரண்டடியில் நின்றது. மேடத்தின் பந்து மூன்றடியில். அதுவரை அடித்த அடிகளின் எண்ணிக்கையும் இருவருக்கும் ஒன்றுதான். தூரத்தில் இருப்பவர்தான் முதலில் அடிக்க வேண்டும்.

மேடம் அவனைப் பார்த்தார்.

காலையிலிருந்து அவன் ஒவ்வொரு முறையும் சொன்ன சொல்தான். நாக்கு நுனிவரை வந்தது. அதே சமயம் இன்னொரு நினைப்பும் வந்தது. இவர் தவறவிட்டால்? தவறவிட்டால் நான் ஜெயித்துவிடலாம். விட்டுக்கொடுத்தால் நான் என் இரண்டடியை ஒரே அடியில் போட்டாக வேண்டும். அது தப்பினால் பை இங்கே, நான் வீட்டில்.

காலையிலிருந்து குழிக்குப் பக்கத்தில் ஒரு பந்தைக்கூட அடிக்க விடாமல் தன்னைக் காப்பாற்றிய மனுஷியிடம் அவன் சொன்னான்:

"அடிங்க மேடம்."

சொன்னதும் முகம் சுட்டது. இவ்வளவு கேவலமான ஆளாகிவிட்டோமே என்றிருந்தது.

மேடத்துக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை. பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றார். மட்டையை அதன் பின்னால் வைத்தார்.

மட்டை நடுங்கியது.

அவன் பனியில்தான் அப்படித் தெரிகிறது என்று நினைத்தான். ஓரடி முன்னால் வந்து பார்த்தான். இல்லை. இரண்டு கைகளும் நடுங்கின. மணிக்கட்டு, முழங்கை, தோள்வரைக்கும் நடுக்கம். மட்டையின் அடிப்பாகம் புல்லில் உரசி உரசிச் சின்னச் சத்தம் கேட்டது. அவனுடையதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

இவர் குழிக்குப் பக்கத்தில் ஆடி இந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. எல்லாரும் மரியாதைக்கு விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அவனையும் சேர்த்து.

"மேடம், வேணாம், நீங்க…"

"பேசாதீங்க" என்றார் அவர். "நான் அடிக்கணும்."

அடித்தார். மட்டை கோணலாகத்தான் பட்டது. பந்து குழியின் விளிம்பில் ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது.

தணிகைவேல் அவர் கைகளையே பார்த்தான்.

"எப்போ இருந்து மேடம்?"

"முதல் போட்டியிலிருந்து."

"ஜெயிச்சீங்களே!"

"ஜெயிச்சப்பவும் இருந்துச்சு."

"என்ன பண்ணுவீங்க அப்போ?"

"இப்போ பார்த்தீங்களே" என்றார். கைகளைக் கம்பளிச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். அவை இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

இப்போது அவன் முறை. இது விழுந்தால் சமம். தப்பினால் எல்லாம் முடிந்தது. பதினாலு வயதில் பிடித்ததைக் கீழே வைத்துவிட்டுப் போக வேண்டும். வீட்டில் போய் என்ன சொல்வது, நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவது என்று தெரியவில்லை. பந்துக்குப் பக்கத்தில் போய் நின்றான். மணிக்கட்டு துள்ளியது. குழி சிறுத்துக்கொண்டே வந்தது.

"எடுத்துக்குங்க" என்றார் மேடம்.

அவன் நிமிர்ந்தான்.

"எடுத்துக்குங்க. ஆட்டம் சமம். நான் சொல்லியாச்சு, நீங்க மறுக்க முடியாது." அவர் திரும்பி, பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். அவனுக்கு முதுகைக் காட்டி நின்று டீயை ஊற்றினார்.

பிழைத்தோம் என்று அவன் உடம்பு முழுவதும் சொன்னது. குனி, எடு, போ என்றது.

பெங்களூரில் இந்தச் சொல்லைச் சொல்ல யாரும் இருக்கப்போவதில்லை.

வலது கையைப் பார்த்தான். அது கீழே போகவில்லை. மட்டையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே துள்ளிக்கொண்டிருந்தது.

"மேடம், ஆட்டம் முடிஞ்சாச்சுதானே?"

"முடிஞ்சாச்சு."

அவன் மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தான்.

ஆட்டம் முடிந்ததால் பயம் குறைந்திருக்கும் என்று யாராவது நினைத்தால் அது தப்பு. இம்மி குறையவில்லை. வாய் காய்ந்தது. பந்தை எடுத்துக்கொண்டு நடந்த அந்தக் கொல்கத்தா சாயங்காலம் அப்படியே வந்து எதிரே நின்றது.

அடித்தான்.

மணிக்கட்டு துள்ளியது. பந்து விளிம்பில் பட்டு விலகி, ஒரு சாண் தள்ளிப் போய் நின்றது.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். ஏதோ ஒன்று இடிந்து தலையில் விழப்போகிறது என்று காத்திருந்தான்.

கீழே தேயிலை பறிக்கிறவர்கள் யாரையோ கூப்பிட்டுச் சிரித்தார்கள். மேடம் டீயை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தான். பந்து அங்கேயே கிடந்தது. நடந்து போய் அதன் பின்னால் நின்றான். நடுங்கிக்கொண்டே மறுபடி அடித்தான்.

டொக்.

"விழுந்துச்சா?" மேடம் திரும்பாமலே கேட்டார்.

"முதல்ல தப்பிடுச்சு."

"அப்புறம்?"

"இன்னொரு தடவை அடிச்சேன்."

"நடுக்கம்?"

கையைப் பார்த்தான். "இருக்கு."

"பந்து எங்கே?"

"குழிக்குள்ள."

மேடம் இரண்டாவது டம்ளரில் டீயை ஊற்றினார்.

"அப்போ எடுத்துக்குங்க."