சடையாண்டியின் பாட்டு மருந்து

தவளைக்குளத்தில் புத்திக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதை எடுத்துச் செலவழித்ததில்லை. அந்த ஊர் சடையாண்டிக்கு எழுபது வயது. போன தைப்பூசத்தில் மலையேற மூச்சு போதாமல், அடிவாரத்தில் உட்கார்ந்து மனைவி தெய்வானையின் செருப்புக்குக் காவல் இருந்தார். இந்த வருஷமாவது அவளோடு உச்சிக்குப் போய்விட வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

டாக்டரம்மா சோதித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கூட்டாளிங்களோட சேர்ந்து தினமும் பாடுங்கய்யா. மூச்சு சீராகும், மனசும் லேசாகும். பாட்டையும் ஒரு மருந்தா நினைச்சுக்குங்க.”

நினைத்துக்கொண்டார். அதுதான் வினை.

மறுநாள் காலை கூட்டாளிகள் கொண்டல்சாமியும் பேச்சிமுத்துவும் வந்து சேர்ந்தார்கள். சடையாண்டி வாயைத் திறந்ததும் கொண்டல்சாமி தடுத்தார்.

“மருந்துன்னா முதல்ல நல்லா குலுக்கணுமேப்பா?”

“பாட்டு எங்க இருக்கு, குலுக்க?”

“உனக்குள்ளதான்.”

ஆளுக்கொரு தோளைப் பிடித்துக் குலுக்கினார்கள். சடையாண்டியின் பல்செட் கழன்று செம்பருத்திச் செடிக்குள் விழுந்தது.

“சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?” என்றார் பேச்சிமுத்து.

வெகுநேரம் யோசித்தார்கள். வம்பே வேண்டாமென்று இட்லியை வாயில் வைத்துக்கொண்டே பாடினார்கள். தெய்வானை தலையில் அடித்துக்கொண்டாள்.

மருந்து குழந்தைகளுக்கு எட்டக்கூடாதே! தினமும் மொட்டைமாடிக்கு ஏறினார்கள். அளவு மீறக்கூடாது என்பதால் நாளுக்கு ஒரே வரிதான். அதையே இழுத்து இழுத்துப் பாடினார்கள். பாடினதிலோ, படியேறினதிலோ, கூடிச் சிரித்ததிலோ, தைப்பூசத்தன்று சடையாண்டி விறுவிறுவென்று மலையேறி தெய்வானைக்குப் பக்கத்தில் நின்றார். அவளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது.

கீழே வந்ததும் கூட்டாளிகளைப் பெருங்கவலை பிடித்தது.

“உடம்பு குணமாயிடுச்சு. பாட்டுல இன்னும் ரெண்டு சரணம் மிச்சமிருக்கே?”

“மிச்ச மருந்தைச் சும்மா விடக்கூடாதுப்பா. எந்தப் புள்ள வாயிலயாவது பட்டுடும்.”

குளக்கரையில் குழி வெட்டினார்கள். மூவரும் குனிந்து, ஒரு சொல்கூடச் சிந்தாமல் இரண்டு சரணத்தையும் அதற்குள் பாடி, மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

மறுநாள் அங்கே மேய்ந்த வெள்ளாடு ஒன்று தலையைத் தூக்கி, “மேஏஏ” என்று இழுத்தது.

“போச்சு! ரெண்டு சரணத்தையும் ஒரே மடக்கா முழுங்கிடுச்சு!” என்று அலறிய சடையாண்டி, ஆட்டைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கொஞ்சமும் மூச்சு வாங்காமல் டாக்டரம்மா வீட்டுக்கு ஓடினார்.

பின்னால் ஓடிய கொண்டல்சாமி கத்தினார்: “குலுக்காம ஓடுப்பா! உள்ள மருந்து இருக்கு!”