மூன்றாவது கம்ப்யூட்டர்

"நீங்க சொல்லிக் கொடுத்தபடி செஞ்சதுல கடை படுத்திருச்சு, டீச்சர்."

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்கு எதிரே பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் சங்கரபாண்டியன் இப்படித்தான் ஆரம்பித்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தவள் அமலோற்பவம். ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுப்பவள். அவளுக்கு முப்பது வயது. சங்கரபாண்டியனுக்கு அறுபது. இருந்தாலும் அவள்தான் தன் குரு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார். சொல்வதோடு சரி. குரு பேச்சைக் கேட்கும் வழக்கம் அவரிடம் கிடையாது.

போன வருடம் கடையில் மூன்று கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டபோது, பிரவுசரில் எதை எப்படி வைக்க வேண்டும் என்று அவள்தான் உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தாள். மூடினால் எல்லாம் அழிந்துவிட வேண்டும். பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா என்று அது கேட்கவே கூடாது. ஒருவர் எழுந்து போனபின் அவர் வந்து போன சுவடே இருக்கக் கூடாது.

அதுதான் அவருடைய குறை. வருகிறவர்கள் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டை முழுசாக அடிக்க வேண்டியிருந்ததாம். பாதிப் பேருக்கு அது மறந்துவிட்டதாம். மறந்தவர்கள் தங்களை வையவில்லை, இவரைத்தான் வைதார்களாம். எதிர்க்கடையில் ஓர் எழுத்தைத் தட்டினால் போதுமாம், மிச்சத்தை மெஷினே எழுதிக்கொள்கிறதாம்.

"அதான் மூணு வாரத்துக்கு முன்னாடி நானே செட்டிங்ஸ்ல போயி எல்லாத்தையும் மாத்திட்டேன். இப்ப ஒண்ணு விடாம ஞாபகம் வச்சுக்கிருது. ஜனங்களுக்கு வசதி."

"எந்த ஜனத்துக்கு?" என்றாள்.

அவருக்குக் கோபம் வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. மூன்றாவது கம்ப்யூட்டர் மட்டும் கொஞ்சம் மந்தமாகிவிட்டது, வந்து பார்க்க வேண்டும் என்றார். அதற்குத்தான் வந்திருந்தார்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று. அவர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீட்டில் கட்டையைச் சாய்க்கும் நேரம் அது. இரண்டிலிருந்து நான்கு வரை அவர் மகள் செண்பகவல்லிதான் கடையில் இருப்பாள். போன தை மாதம் கல்யாணமாகி அதே ஊரில் குடியிருப்பவள்.

"இன்னைக்குச் செண்பகம் வரலையா?"

அவளுக்குக் காய்ச்சலாம். மாப்பிள்ளை காலையிலேயே போன் பண்ணிச் சொல்லிவிட்டாராம். இனிமேல் கடைக்கு அனுப்புவதும் தோதுப்படாது என்றாராம்.

"நீங்க அவகிட்டப் பேசுனீங்களா?"

"அவ போன் சுவிட்ச் ஆஃப்ல இருக்கு டீச்சர்."

மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில்தான் அதைச் சொன்னார். அவள் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கடையில் மூன்றாவது கம்ப்யூட்டருக்கு மட்டும் ஒரு பிளைவுட் தடுப்பு உண்டு. பெண்கள் அங்கே உட்கார விரும்புவார்கள். சாயங்காலமானால் அந்த இடம் மாப்பிள்ளை ஜெயபாண்டிக்கு. தீப்பெட்டிக் கம்பெனி ஆபீசிலிருந்து நேராக வந்து, ஒரு மணி நேரம் கிரிக்கெட் பார்த்துவிட்டுப் போவான். எந்த ஊரில் மாப்பிள்ளை இப்படித் தினமும் மாமனார் கடையில் வந்து உட்காருகிறான் என்று சங்கரபாண்டியனுக்கு ரொம்பப் பெருமை.

அமலோற்பவம் அவரை அந்த நாற்காலியில் உட்காரச் சொன்னாள். ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவருக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

"ஒரு எழுத்து அடிங்க அண்ணாச்சி."

"எந்த எழுத்து?"

"எதுனாலும் அடிங்க."

"நீங்க அந்தப் பக்கம் பாத்து உக்காந்துக்கிட்டா எனக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பீங்க?"

 சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. அதைப் படிக்க ஆரம்பித்தாள்.

கீபோர்டின் நடுவில் விரலுக்குத் தோதாக இருந்தது H. அதைத் தட்டினார்.

மெஷின் காத்துக்கொண்டிருந்ததுபோல வரிசையாகக் கொட்டியது. முதல் வரி ஹாஸ்டல் என்று தொடங்கியது. மதுரையில் வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி. இரண்டாவது வரி ஹஸ்பண்ட் என்று தொடங்கியது. புருஷன் அடித்தால் எங்கே புகார் கொடுப்பது. மூன்றாவது வரி ஹெல்ப்லைன்.



"அடப் பாவமே. எந்தப் புள்ளையோ இங்க வந்து உக்காந்து தேடியிருக்கு, டீச்சர்."

"மூடிருங்க அண்ணாச்சி."

"நம்ம கடைக்கு வர்ற புள்ளைதான. யாரா இருக்கும்?"

"எனக்குத் தெரியாது. நான் பாக்கல. நீங்களும் பாக்காதீங்க. மூடிருங்க."

அவர் மூடவில்லை. அடுத்தவர் வீட்டுச் சண்டை காதில் விழுந்தால் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் இந்த ஊரில் ரொம்பக் குறைவு. பாவம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டே ஹிஸ்டரியைத் திறந்தார். இந்த ஒரு வித்தையை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது.

நேற்று, இரண்டு நாற்பது. நேற்று, இரண்டு ஐம்பத்திரண்டு. நேற்று, மூன்று பத்து.

முந்தாநாள், இரண்டு முப்பத்தைந்து.

அதற்கு முந்தின நாளும் அப்படித்தான். தொடர்ந்து ஒன்பது நாள்.

முதலில் அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டரை மணிக்கு எந்தப் பெண் வருவாள்? அந்த நேரத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவது வழக்கம். வெளியாள் யாரும் வருவதில்லை. கடைக்குள் இருப்பது ஒரே ஓர் ஆள்தான்.

மௌஸிலிருந்து அவர் கை தானாக நழுவி மடியில் விழுந்தது.

"டீச்சர்."

"ம்."

"இது செண்பகம்."

காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் திரும்பவில்லை. தோள் மட்டும் ஒரு முறை ஏறி இறங்கியது.

 தன் மகள்தானா என்று மறுபடி மறுபடி மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். அப்படித் தள்ளும்போதுதான் நேற்றைய வரிசையின் உச்சியில் இருந்தது கண்ணில் பட்டது. அதே விடுதி. அதே புகார்ப் பக்கம். ஆனால் நேரம் வேறு.

சாயங்காலம் ஆறு நாற்பது.

"ஆறு நாப்பதுக்கு அவ இங்க இல்லையே, டீச்சர். நாலு மணிக்கே வீட்டுக்குப் போயிட்டாளே."

சொல்லி முடிக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆறு நாற்பதுக்கு இந்த நாற்காலியில் யார் இருந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். டீயும் இரண்டு உளுந்த வடையும் வாங்கிவந்து இந்தக் கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்ததே அவர்தான். மேட்ச்சா மாப்ள என்று கேட்டார். ஆமா மாமா என்றான் ஜெயபாண்டி. முகத்தைத் திருப்பவில்லை. ஆட்டம் சூடாகப் போகிறது என்று நினைத்து இவர் சத்தம் போடாமல் நகர்ந்துகொண்டார்.

வடையை அவன் தொடவே இல்லை. அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"மாப்ள பாத்துட்டாரு, டீச்சர்."

அமலோற்பவம் திரும்பினாள். திரையைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தாள்.

அவர் பதறிக்கொண்டு மௌஸைப் பிடித்தார். "அழிச்சிரட்டுமா? மொத்தத்தையும் அழிச்சிரட்டுமா?"

"அவரு மண்டைக்குள்ள போனத எப்படி அழிப்பீங்க? எந்திரிங்க."

ரயில்வே கேட்டைத் தாண்டி மகள் வீடு. சங்கரபாண்டியன் ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்திருந்தார். கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று ஆற அமரப் போனது. ஒன்பது நாள், ஒன்பது நாள் என்று அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். ஒன்பது நாளும் அவர் மத்தியானம் நன்றாகத் தூங்கியிருந்தார்.

வீட்டு வாசலில் பெரிய பூட்டுத் தொங்கியது.

அவருக்கு உயிர் திரும்பி வந்தது. "வெளிய போயிருக்காங்க. காய்ச்சல்னாருல்ல. ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிட்டுப் போயிருப்பாரு."

அமலோற்பவம் படியில் கிடந்த செருப்புகளை விரலால் காட்டினாள்.

பொம்பளைச் செருப்பு. ஒரு ஜோடிதான். வலதுகாலின் வார் அறுந்து ஊக்கு மாட்டியிருந்தது. அந்த ஊக்கை மாட்டிக் கொடுத்தவர் அவர்தான், போன வாரம், கடையில் வைத்து.

"செண்பகம்" என்று கூப்பிட்டார்.  இன்னொரு தடவை கூப்பிட்டார்.

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

கீழுதடு வீங்கி ஒரு பக்கம் இழுத்திருந்தது. இடது கண் பாதிதான் திறந்தது. தன் மகளின் முகம்தான் அது என்று நம்ப அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"சத்தம் போடாதீங்கப்பா" என்றாள் அவள். "அக்கம்பக்கம் கேக்கும்."

உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு மாப்பிள்ளை ஆபீசுக்குப் போயிருந்தான். சாவி அவன் சட்டைப் பையில். போனும் அவனிடம். காலையில் அவன் மாமனாரிடம் பேசியபோது, இவள் இதே ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாளாம்.

சங்கரபாண்டியன் பூட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். இழுத்துப் பார்த்தார். யாருக்குப் போன் பண்ணுவது, யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. மாப்பிள்ளையையே கூப்பிட்டுச் சாவி கேட்கலாமா என்றுகூட ஒரு நொடி அவருக்குத் தோன்றியது. அதை நினைத்துப் பின்னால் ரொம்ப நாள் வெட்கப்பட்டார்.

"டீச்சர், என்ன செய்ய?"

தண்ணீர்க் குழாய்க்கு அடியில் துணி துவைக்கப் போட்டிருந்த கருங்கல் துண்டு ஒன்று கிடந்தது. அமலோற்பவம் குனிந்து, அதை இரண்டு கையாலும் தூக்கி வந்தாள். அவர் கையில் வைத்தாள். தள்ளி நின்றுகொண்டாள்.

முதல் அடி அவர் விரலில் விழுந்தது. இரண்டாவது அடி கதவில் விழுந்தது. மூன்றாவது அடியில் கொண்டியே பெயர்ந்து வந்துவிட்டது.

செண்பகவல்லி வெளியே வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். கையில் ஒரு துணிப்பை. அது ஏற்கெனவே கட்டித் தயாராக இருந்தது.

சங்கரபாண்டியனுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். அவர் கண்ணைத் துடைக்கவில்லை.

"அந்த மெஷின்கிட்டப் போயி ஒம்பது நாள் சொல்லியிருக்க. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு உனக்குத் தோணலையாம்மா?"

வீங்கிய முகத்தோடு அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். 

"சொன்னேனேப்பா" என்றாள். "ஆடிக்கு அழைச்சுட்டு வந்தப்பவே சொன்னேன். நீங்க டிவியில செய்தி பாத்துக்கிட்டு இருந்தீங்க. கொஞ்சம் பொறுத்துப் போம்மான்னு சொல்லிட்டு, சத்தத்தக் கூட்டி வச்சீங்க."