சீக்கைச் சொல்லாத கோழி

அந்தக் காலத்தில் கோழிகளுக்குப் பேச்சு இருந்தது. காகம் ஊர்ச்செய்தி சொல்லும், பசு தண்ணீர் கேட்கும். கோழியோ தன் உடம்பைப் பற்றித்தான் அதிகம் பேசும். காலில் முள் ஏறினாலும் சரி, தொண்டையில் உமி சிக்கினாலும் சரி, வளர்க்கிறவளிடம் நேரே போய்ச் சொல்லிவிடும்.

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் மாடத்தி என்று ஒருத்தி இருந்தாள். அவள் கணவன் இசக்கி பனையேறி. பிள்ளைகள் இல்லாத வீடு. முற்றம் நிறையக் கோழிகள் இருந்தன. காலையில் மாடத்தி கோழிகளை மூடிவைக்கும் பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் அவை அவளைச் சூழ்ந்துகொள்ளும்.

"எம்மா, எனக்கு வயிறு மந்தமா இருக்கு" என்று ஒன்று சொல்லும். பூண்டும் மஞ்சளும் தட்டி உருட்டி வாயில் போடுவாள். "எம்மா, பேன் தின்னுது" என்று இன்னொன்று சொல்லும். குழியில் சாம்பலும் மணலும் கலந்து வைப்பாள். அது புரண்டு எழுந்துவரும். "எம்மா, அடைக்கு வந்துட்டேன்" என்றால் உடைந்த பானையில் வைக்கோல் பரப்பி முட்டை வைத்துக் கொடுப்பாள். சீக்கு வந்ததைத் தனிக்கூடையில் மூடி வைத்தால், மற்றவை கூடைக்கு வெளியே நின்று நலம் விசாரிக்கும். ஒன்றையொன்று பார்த்துப் பயந்த வழக்கம் அந்த முற்றத்தில் இல்லை.

வாடைக்காற்று வீசத் தொடங்கிய சமயம், முருங்கை மரத்தில் உட்கார்ந்து காகம் ஒரு செய்தி சொன்னது.

"ஆத்துக்கு அக்கரையில கோழியெல்லாம் விழுது. காலையில கூவின சேவல் மத்தியானம் இல்ல. கழுத்தை முறுக்கிக்கிட்டுச் சாகுது."

அவ்வளவுதான் சொன்னது, பறந்துவிட்டது. அன்று சாயங்காலமே முற்றத்தின் நடப்பு மாறிப்போனது. ஒரு கோழி தும்மினால் மற்றவை நகர்ந்து நின்றன. தண்ணீர்ச் சட்டியில் ஒன்று வாய் வைத்தால், அடுத்தது தாகத்தோடு காத்திருந்தது. மாடத்தியும் கோழிகளின் எச்சத்தைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டு திரிந்தாள்.

இந்த நேரத்தில் பார்த்து, சந்தைக்குப் போன இசக்கி கருப்பட்டிக்கு மாற்றாக ஒரு புள்ளிக்கோழியை வாங்கி வந்தான். இளங்கோழி, இன்னும் அடையில் உட்கார்ந்திராதது.

"எந்த ஊர்க் கோழி இது?" என்று கேட்டாள் மாடத்தி.

"இக்கரைக் கோழின்னுதான் வித்தவன் சொன்னான்."

"அவன் சொன்னானா, நீங்க பாத்தீயளா?"

அதுவரை இல்லாத சந்தேகம் அப்போது இசக்கிக்கும் வந்துவிட்டது. கக்கத்தில் இருந்த கோழியைச் சட்டென்று கீழே விட்டான்.

அந்த முற்றத்துக் கோழிகளில் மூத்தவள் செவலை. அவள் கொத்தினால்தான் மற்றவை இரையைத் தொடும். அவள் புள்ளியைச் சுற்றிவந்தாள்.

"நீ எந்த ஊரு?"

"கிழக்க."

"கிழக்கன்னா, ஆத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"என்னைக் கூடையில மூடிக் கொண்டுவந்தாவ. வழியில ஆறு வந்துச்சா, வரலையான்னு எனக்குத் தெரியாது."

உள்ளதைத்தான் சொன்னது புள்ளி. ஆனால் அதைக் கேட்ட பிறகு யாரும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை. இரைக்கு வந்தால் மற்றவை தலையில் கொத்தின. முட்டையிடப் பானைக்குள் ஏறினால் கருப்பி என்ற கோழி துரத்தி இறக்கினாள். புள்ளி பிறகு பானைப்பக்கம் போவதையே விட்டுவிட்டது. மாடத்தி இதையெல்லாம் பார்த்தாள். 'புதுசு வந்தா கொத்தத்தான் செய்யும், நாலு நாளில் பழகிவிடும்' என்று இருந்துவிட்டாள். அது முட்டையே இடாததுதான் அவளுக்கு உறுத்தலாக இருந்தது. 'நல்ல உடம்புள்ள கோழி ஏன் முட்டையிடவில்லை?'

அப்படியிருக்க, ஒருநாள் காலையில் புள்ளி தானாகவே மாடத்தியிடம் வந்தது. இறகெல்லாம் சிலிர்த்திருந்தது. கண் மயங்கினாற்போல் இருந்தது.

"எம்மா, எனக்கு இரை வேண்டியிருக்கல. உடம்பெல்லாம் கொதிக்கு. பக்கத்துல யாரு வந்தாலும் எரிச்சலா வருது. ஒரே இடத்துல உக்காந்து கெடக்கலாம் போல இருக்கு."

முற்றத்துக் கோழிகள் எல்லாம் வேலியோரம் ஒதுங்கின. "நான் அன்னைக்கே நெனச்சேன்" என்றாள் செவலை.

பனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இசக்கி காதிலும் அது விழுந்தது. "ஏளா, அதை இங்க கொடு."

"பொறுங்க. மருந்து கொடுத்துப் பாக்கேன்."

"மருந்து கொடுத்துப் பாத்தவன் முற்றமெல்லாம் இன்னைக்குக் காலியாக் கெடக்கு. ஒண்ணைப் பாத்துக்கிட்டு இருந்தா அத்தனையும் போயிரும். யோசிச்சுச் சொல்லு."

மாடத்தி யோசித்தாள். வேலியோரம் நின்ற அத்தனை கோழிகளும் அவளையே பார்த்தன. அவள் குனிந்து கையை நீட்டினாள். புள்ளி ஓடவில்லை, தானாக நடந்துவந்து அவள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்தது. அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். நெருப்பாகச் சுட்டது. நெஞ்சடியில் இறகு குறைந்து தோல் தட்டுப்பட்டது. மற்றவை கொத்திக் கொத்தி உதிர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காய்ச்சல்தான், சந்தேகமில்லை என்று தோன்றியது.

கோழியை இசக்கியிடம் நீட்டினாள்.

"எம்மா, மருந்து அவுககிட்டயா இருக்கு?" என்று கேட்டது புள்ளி.

மாடத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இசக்கி அதை வீட்டின் பின்பக்கம் கொண்டுபோனான். திரும்பி வரும்போது கையில் மண்வெட்டி மட்டும் இருந்தது.

அன்று முற்றத்தில் பழைய கலகலப்பு திரும்பிவிட்டது. எல்லாக் கோழிகளும் ஒரே சட்டியில் தண்ணீர் குடித்தன. மாடத்திக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

அந்த வாரத்திலேயே, அடுப்புக்கு ஓலை எடுக்கப் போனவள், பனையோலைக் கட்டின் அடியில் ஏதோ வெள்ளையாகத் தெரிவதைக் கண்டாள். ஓலையை விலக்கினாள். சின்னச் சின்ன முட்டைகள். இளங்கோழி இடுகிற அளவு. அவற்றின்மேல், தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிப் போர்த்தியதுபோல், புள்ளி விழுந்த மெல்லிறகு. தொட்டுப் பார்த்தாள். எல்லாம் குளிர்ந்துபோயிருந்தன.

மாடத்தி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அது சீக்கே இல்லை. அடைக்கு வந்திருக்கிறது. அடைக்கு வந்த கோழி தின்னாது, உடம்பு கொதிக்கும், சிலிர்க்கும், சிடுசிடுக்கும். எத்தனை கோழிகளை அடை வைத்த கை அவளுடையது! ஆனால் இதற்கு இது முதல் அடை. தனக்கு என்ன செய்கிறது என்று அதற்கே தெரியவில்லை. தெரிந்தவளுக்குப் பயம் கண்ணை மறைத்துவிட்டது.

"சீக்கு இல்லங்க. அடைக்கு வந்திருக்கு" என்றாள் கணவனிடம். இசக்கி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

கோழிகள் எல்லாம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றன. அவை முட்டையைப் பார்த்தன. பிறகு மாடத்தியின் கையைப் பார்த்தன. மாடத்தி அவற்றின் பக்கம் திரும்பி, "தெரியாமப் பண்ணிட்டேன்" என்றாள். அவை இரண்டடி பின்வாங்கின.

அதற்குப் பிறகுதான் உண்மையான சீக்கு வந்தது. எந்த வழியாக வந்தது என்று யாருக்குத் தெரியும்? செய்தி சொன்ன காகத்தின் காலில் ஒட்டிக்கொண்டே வந்திருக்கலாம். முதலில் பிடித்தது செவலையைத்தான். எச்சம் பச்சையாகப் போயிற்று. யாரும் பார்ப்பதற்குள் அவள் மண்ணைச் சீய்த்து மூடினாள். இரை போட்டதும் வழக்கம்போல் முதல் ஆளாக வந்தாள். ஆனால் தரையைத்தான் கொத்தினாள், ஒரு மணியும் உள்ளே போகவில்லை.

மாடத்திக்குச் சந்தேகம் தட்டியது. "ஏட்டி செவலை, உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

"எனக்கென்ன? நல்லாத்தான் இருக்கேன்."

"மறைக்காதட்டி. மருந்துதான் தருவேன்."

"மருந்து எனக்கு எதுக்கு?" என்று தலையை நிமிர்த்தி நடந்துபோனாள். வேலிவரைக்கும் போனாள். அங்கே கழுத்து முறுக்கிக்கொண்டது, சாய்ந்தாள்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நேற்றுவரை கொக்கரித்தது இன்று விறைத்துக் கிடந்தது. மாடத்தி பூண்டும் மஞ்சளும் உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பின்னாலும் அலைந்தாள். யாருக்குக் கொடுப்பது? எல்லாம் தலை நிமிர்த்தி நடந்தன, எல்லாம் தரையைக் கொத்தின, எல்லாம் நன்றாக இருப்பதாகவே சொல்லின. கூடையில் யாரைப் பிரித்து மூடுவது என்று தெரியாமல், சீக்குள்ளதும் சீக்கில்லாததும் ஒன்றாகவே கிடந்தன.

கடைசியில் கருப்பியும் சில குஞ்சுகளும் மிஞ்சின. மாடத்தி அவள் முன்னால் மண்டியிட்டாள்.

"இனிமே யாரையும் கொடுக்க மாட்டேன். என் தலைமேல அடிச்சுச் சொல்லுதேன். ஏதும் செஞ்சா சொல்லுட்டி."

கருப்பி அவள் நீட்டிய கையிலிருந்து எட்டியே நின்றாள்.

"அன்னைக்கும் நீ இப்படித்தான் கையை நீட்டின" என்றாள்.

அதுதான் கோழி மனிதரிடம் பேசிய கடைசிப் பேச்சு. வாயைத் திறந்தால் குரல் நடுக்கத்திலேயே சீக்கு தெரிந்துவிடும் என்று கருப்பி தன் குஞ்சுகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். அவை பேசுவதையே விட்டுவிட்டன.

கோழி தன் சீக்கை விழுகிற நிமிஷம்வரை வெளியே காட்டாமலிருப்பது அன்று முதல்தான். வளர்க்கிறவர்கள் அந்தியில் ஒவ்வொன்றாகத் தூக்கி, கழுத்தடியில் உள்ள தீவனப்பை நிறைந்திருக்கிறதா, உடம்பு சுடுகிறதா என்று தாங்களே தடவிப் பார்த்துத்தான் கூட்டில் அடைக்கிறார்கள், கோழியோ தலையைச் சாய்த்து, ஒற்றைக் கண்ணால் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறது.