ஆறு தடவை தோற்ற அம்மிணி

"என் புள்ளைக்கு ஒரு வாத்தியார் வேணுங்கம்மா. தாங்கற வாத்தியார். இதுவரைக்கும் பார்த்ததெல்லாம் முதல் உழவுக்கே படுத்துக்கற மாடுங்க."

வாசலில் நின்று இப்படிக் கத்தியவன் செங்கோடன். மாட்டுச் சந்தைத் தரகன். தோளில் பச்சைத் துண்டு. பக்கத்தில் ஒன்பது வயது மகள் நிறைமதி.

குருவம்மா தன் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்து ஓட்டு வீடு அது. வயதுக்கு மீறிய அறிவோடு பிறந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் குருவம்மாவைத் தேடி அங்கே வருவார்கள். சிரித்துக்கொண்டு வந்தவர்கள் குறைவு.

"உக்காருங்க."

"உக்கார வரலைங்க."

"சரி, நின்னுட்டே சொல்லுங்க."

செங்கோடன் நின்றுகொண்டே சொன்னான்.

"நாலு வயசுல பெருக்கல் போட்டுதுங்க. நான் மூணாவதோட நின்னவன். எங்கூட்டுக்காரி அஞ்சாவது. எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. முதல் பள்ளிக்கூடத்துல, கேள்வி முடியறதுக்குள்ள பதில் சொல்லுதுன்னு, சாக்பீஸ் எடுத்துட்டு வா, டஸ்டர் எடுத்துட்டு வான்னு அனுப்பியே ஒரு வருசத்தை ஓட்டிட்டாங்க."

"அப்புறம்?"

"போய்ச் சண்டை போட்டேன்."

"அப்புறம்?"

"வேற பள்ளிக்கூடம். அங்க ரெண்டு வகுப்பு தாண்டி உக்கார வெச்சாங்க. பெரிய புள்ளைக இதுகிட்ட வீட்டுப்பாடம் எழுதி வாங்கிக்குதுக. விளையாட்டுக்கு மட்டும் சேத்திக்க மாட்டேங்குதுக."

"அங்கயும் சண்டை போட்டீங்களா?"

"போடாம?"

குருவம்மா சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டார்.

"இப்ப மூணு வாரமா பேச்சே இல்லைங்க. பரீட்சைத் தாளை வெள்ளையாக் குடுத்துட்டு வந்திருக்குது. ஏன் சாமின்னு கேட்டா சுவத்தைப் பார்க்குது. சோறும் சரியா இறங்கல. இதோட ஆத்தா அழுதுட்டுக் கிடக்கறா."

கடைசி வார்த்தையில் அவன் குரல் பிசிறியது. அதற்கும் சேர்த்து அடுத்ததைக் கத்தினான்.

"வைரமுங்க இது! வைரத்தைக் கொண்டுபோய்க் கூழாங்கல்லோட கொட்டி வெச்சிருக்காங்க!"

"இப்ப ஏதாச்சும் கேட்டா சொல்லுமா?"

"கணக்குக் கேட்டா மட்டும் சொல்லும்." செங்கோடன் நிமிர்ந்தான். "அம்மிணி, முந்நூத்தி நாப்பத்தேழை அறுபத்தெட்டால பெருக்கு."

"இருவத்தி மூவாயிரத்து ஐநூத்தித் தொண்ணூத்தாறு."

பேருந்தில் பரிசோதகரிடம் சீட்டை நீட்டுவது போலச் சொல்லிவிட்டுப் பெண் மலையைப் பார்த்தது.

செங்கோடன் மீசையைத் தடவினான். "கைப்பேசியில போட்டுப் பாருங்கம்மா!"

"வேண்டாம்."

"ஏனுங்க, சும்மா போட்டுப் பாருங்க!"

"சொன்ன புள்ளைக்கே அதுல ஆசை இல்ல. எனக்கு எதுக்கு?"

அவன் மீசையிலிருந்து கையை எடுத்தான்.

குருவம்மா கையைத் துடைத்துக்கொண்டார்.

"சந்தையில வெலை எப்படிங்க பேசுவீங்க?"

"துண்டு போட்டுத்தான். துண்டுக்கு அடியில ரெண்டு பேரும் கையை விடுவோம். வாயே திறக்க மாட்டோம். எத்தனை விரலைப் பிடிச்சு அமுக்கறமோ, அதான் வெலை."

"வாயால சொன்னா என்ன?"

"அட, சுத்தி நிக்கறவன் சும்மா இருப்பானா? ஒருத்தன் 'அடேங்கப்பா'ம்பான். ஒருத்தன் 'இவ்வளவுதானா'ம்பான். ரெண்டும் மாட்டுக்கு ஆகாது."

"இந்தப் புள்ளைய எங்கெங்க கணக்குச் சொல்ல வெச்சீங்க?"

"கேக்கற இடத்துல எல்லாம்! டீக்கடையில, பஸ்ஸுல, சந்தை வாசல்ல. என் மச்சினன் கல்யாணத்துல மைக்குல சொல்லுச்சு. மண்டபமே கை தட்டுச்சுங்க!"

குருவம்மா அவன் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார்.

செங்கோடனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"என் புள்ளையையும் மாட்டையும் ஒண்ணாச் சேக்கறீங்களா?"

"நான் சேக்கலைங்க. மாட்டுக்காவது துண்டு போட்டீங்க."

அவன் கை தானாகத் துண்டுக்குப் போனது. சண்டைக்குப் போகும்போது அதை உதறி இடுப்பில் கட்டுவது அவன் வழக்கம். உதறினான். கட்டவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான்.

"அதைக் குடுங்க," என்றார் குருவம்மா.

கொடுத்தான்.

அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். தன் கையின் மேல் துண்டை விரித்துப்போட்டார்.

"வா கண்ணு. அப்பாவோட விரல் பாஷை உனக்குத் தெரியுமா?"

பெண் தலையாட்டியது. வீட்டில் அப்பன் விரலைப் பிடித்து விளையாடியே கற்றுக்கொண்டது அது.

"நான் விரலை அமுக்கி வரிசையாச் சில எண்ணு சொல்லுவேன். அடுத்தது என்னன்னு நீ அமுக்கோணும்."

பெண் சலிப்போடு துண்டுக்கு அடியில் கையை விட்டது.

துண்டு கொஞ்சம் அசைந்தது. பெண் பதிலுக்கு அமுக்கியது. அமுக்கிவிட்டு மறுபடி மலையைப் பார்த்தது.

குருவம்மா இல்லையென்று தலையாட்டினார்.

மலையைப் பார்த்த கண் திரும்பியது.

மறுபடி துண்டு அசைந்தது. மறுபடி தலையாட்டல்.

பெண் கையை வெளியே இழுத்தது. காற்றில் என்னவோ எழுதியது. உதட்டைக் கடித்தது. கையை உள்ளே விட்டது.

இல்லை.

செங்கோடனால் பொறுக்க முடியவில்லை. "என்னங்கம்மா கேட்டீங்க? எங்கிட்டயும் சொல்லுங்க!"

"துண்டுக்குள்ள நடக்கறதை வெளிய நின்னு கேக்கறவரா நீங்க?"

அவன் உட்கார்ந்தான். வந்ததிலிருந்து முதல் தடவை.

மர நிழல் சைக்கிளைத் தாண்டிப்போயிற்று. பெண் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை. துண்டையே முறைத்துக்கொண்டிருந்தது, சண்டைக்கு நிற்கும் செங்கோடன் மாதிரியே.

திடீரென்று துள்ளி எழுந்தது.

"அப்பா! ஆறு தடவை தோத்துட்டனுங்க!"

செங்கோடன் முகம் சுண்டியது. "தோத்துட்டியா? நீயா?"

"ஆறு தடவைங்கப்பா! ஒண்ணுகூட வரலை!" பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. குருவம்மாவின் கையைப் பிடித்து ஆட்டியது. "இன்னொருக்கா! விடையைச் சொல்லீராதீங்க, நானே கண்டுபிடிக்கறேன். இன்னொருக்கா!"

மூன்று வாரமாக அந்தக் குரலைக் கேட்கவில்லை அவன். துண்டு இருந்திருந்தால் முகத்தைத் துடைத்திருப்பான். துண்டு அவர்களிடம் இருந்தது.

தரகன் குருவம்மா பக்கம் திரும்பினான்.

"சம்பளம் என்ன கேக்கறீங்கன்னு சொல்லுங்கம்மா. ஆயுசுல முதல் தடவையாக் குறைச்சுப் பேச மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை பதினோரு புள்ளைக வருதுக. இது பன்னெண்டு. ஒண்ணையொண்ணு தோக்கடிச்சுக்கும். அது போக, நீங்களும் உங்கூட்டம்மாவும் வரோணும்."

"படிக்கறது புள்ளை. நாங்க எதுக்குங்க?"

குருவம்மா புளியமரத்தடியைக் காட்டினார். பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன.

"பெத்தவங்க அங்க உக்காந்திருப்பாங்க. ஒருத்தர் கொத்தனாரு. மகன் நட்சத்திரம் நட்சத்திரம்னு தூங்கவே மாட்டேங்கறான். இன்னொரு அம்மா நர்ஸு. மக எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுருது, ஃபேனைக்கூட. புள்ளை பேசாமப் போச்சுன்னா என்ன பண்றதுன்னு அவங்க கேப்பாங்க. நீங்க சொல்லோணும்."

"எனக்கென்னங்க தெரியும்? தெரியாமத்தானே உங்ககிட்ட வந்தேன்!"

"அதைச் சொல்லுங்க."

செங்கோடன் ஓரத்துப் பெஞ்சையே பார்த்தான். அதில் ரெண்டு பேர் உட்காரலாம்.

"வரோமுங்க," என்றான். கத்தாமல்.

திரும்பிப் போகையில் பஸ்ஸில் கூட்டம். முன் இருக்கையில் நாச்சிமுத்து. அவரும் சந்தைத் தரகர்.

"ஏப்பா செங்கோடா, அம்மிணியக் கூட்டிட்டு வந்திருக்கறயா? ஒரு பெருக்கல் சொல்லச் சொல்லப்பா. இந்த ஊருக்காரங்களும் பார்க்கட்டும்."

நாலைந்து தலைகள் திரும்பின.

பெண் அப்பனைப் பார்த்தது. அதன் முகத்தில் விளக்கு அணையப் பார்த்தது.

செங்கோடன் நெஞ்சை நிமிர்த்தினான்.

"இன்னிக்கு எம் புள்ள தோத்துட்டு வந்திருக்குது!"

"தோத்துட்டாளா?"

"ஆறு தடவை!" சந்தையிலேயே பெரிய காளையைக் கையில் பிடித்திருப்பவன் மாதிரி சொன்னான். "ஒரு தடவை ரெண்டு தடவை இல்ல. ஆறு! உன் பையன் இதுவரைக்கும் எத்தனை தடவைப்பா தோத்திருக்கறான்?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். "சரி, பெருக்கலாவது..."

செங்கோடன் தோளிலிருந்து துண்டை எடுத்தான். மடியில் விரித்தான். அடியில் தன் கையை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தான்.

சின்னக் கை ஒன்று உள்ளே வந்தது. ஒரு விரல். அப்புறம் ரெண்டு. அப்புறம் நாலு. கொஞ்சம் நிறுத்தி, மூணு.

"என்னப்பா நடக்குது அங்க?" நாச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"துண்டுக்குள்ள நடக்குது. திரும்பி உக்காருப்பா!"

அடுத்தது என்ன? தரகன் கண்ணை மூடினான். முப்பது வருடம் விரல் பிடித்தவன். யோசித்து யோசித்து, அஞ்சு விரலையும் சேர்த்து அமுக்கினான்.

"தப்புங்கப்பா!"

பெண் விழுந்து விழுந்து சிரித்தது.

செங்கோடன் எழுந்து நின்றான். டிரைவர் வரைக்கும் கேட்கிற மாதிரி கத்தினான்.

"நானும் தோத்துட்டேனுங்க!"